வெறும் வயிற்றில் நான்கு மாத்திரை: வீட்டில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

பாம்பன் மகள்:
அப்பாவுக்கு 71. புராஸ்டேட் கேன்சர் எலும்பில் ஏறிய பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, கூடவே தினமும் அபிராட்டெரோன் 250 மி.கி. நான்கு, ப்ரெட்னிசோலோன் ஒன்று. ஊசியும் அபிராட்டெரோனும் இந்தக் கேன்சரை வளர்க்கும் ஆண் ஹார்மோனை அடக்க, ப்ரெட்னிசோலோன் ஒரு ஸ்டீராய்டு. சீட்டில் "காலை 4" என்று மட்டும்தான் இருந்தது. இத்தனை மாத்திரை வெறும் வயிற்றில் போனால் குடல் வெந்துவிடும் என்று நானே முடிவு செய்து, கஞ்சியும் சூடை மீன் குழம்பும் கொடுத்த பிறகுதான் மாத்திரையை எடுப்பேன். இப்படிப் பத்து வாரம்.

ஒரு சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க பாரு தாயி, குழி அப்படியே நிக்குது" என்றார். நான் உள்ளே போய் விளக்கைப் போட்டுவிட்டு வந்து குனிந்து பார்த்தபோதும் அந்தக் குழி மூடவில்லை. மறுநாள் பிரஷர் 180க்கு மேல். ரத்தத்தில் பொட்டாசியம் குறைவு. டாக்டர் முதலில் கேட்டதே, "சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்துக் கொடுக்கிறீர்கள்?" என்றுதான். சாப்பாட்டோடு போனால், அதிலும் எண்ணெய்ச் சாப்பாடு என்றால், இந்த மருந்து பத்து மடங்கு வரைகூட அதிகமாக ரத்தத்தில் ஏறுமாம். வீக்கம் அதனால்தான் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை, வெறும் வயிற்றில் சரியாக விழுங்குகிறவர்களுக்கும் வரும் என்றார்.

என்னை அரிப்பது வேறு. திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா சொன்னார்: "காலையில கஞ்சி இறங்கவே இல்ல தாயி. நீ எதிர்ல நின்னுக்கிட்டு இருந்தே, அதான் குடிச்சேன்."

கீழக்கரையான்:
அக்கா, எங்கள் வாப்பாவுக்கும் அதே நான்கு. ரமலானில் நோன்பை விட மாட்டேன் என்று பிடிவாதம். டாக்டரிடம் கேட்டோம், சர்க்கரை இல்லை, கிட்னி நன்றாக இருக்கிறது, பார்த்துக்கொண்டு வைக்கட்டும் என்றார். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், விழுங்கிய பிறகு ஒரு மணி நேரம் எதுவும் உள்ளே போகக் கூடாது. அதனால் இரவு பத்துக்கு மேல் ஒன்றும் கிடையாது. மூன்று மணிக்கு மாத்திரை. நாலேகாலுக்கு சஹர், அதாவது நோன்பு தொடங்குமுன் சாப்பிடுவது, அதோடு ப்ரெட்னிசோலோன்.

ஒரு ராத்திரி நான் தண்ணீர் குடிக்க எழுந்தேன். உம்மா முழித்துவிடக் கூடாதென்று வாப்பா விளக்குப் போடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து உள்ளங்கையில் மாத்திரைகளை வைத்துக்கொண்டு, பெருவிரலால் தடவித் தடவி எண்ணுகிறார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மறுபடி ஒன்றிலிருந்து. கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

மண்டபம் தம்பி:
சாப்பாட்டை ஒரேயடியாகக் குற்றம் சொல்லாதீர்கள். என் சித்தப்பாவுக்கு டாக்டரே ஒரே ஒரு 250 மாத்திரையைக் காலைச் சாப்பாட்டோடுதான் எழுதிக் கொடுத்தார். 2018இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இருக்கிறது, 72 பேர். கொழுப்புக் குறைந்த காலை உணவோடு ஒன்று எடுத்தவர்களுக்கும், வெறும் வயிற்றில் நான்கு எடுத்தவர்களுக்கும் பி.எஸ்.ஏ. (இந்தக் கேன்சரின் போக்கைக் காட்டும் ரத்த அளவு) ஏறத்தாழ ஒரே மாதிரி இறங்கியது. மாத்திரைச் செலவு கால்வாசி. அதற்கு முந்தி இரண்டு மாதம் நான்கு நான்காக வாங்கத்தான் சித்தி சங்கிலியைக் கழற்றினார். அடகுக்கடைக்காரர் அதைச் சுருட்டித் தராசில் வைத்தபோது சித்தி முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டார். இன்னும் அது கண்ணிலேயே நிற்கிறது.

பாம்பன் மகள்:
தம்பி, உங்கள் சித்தப்பாவுக்குச் சாப்பாட்டோடு ஒன்று. என் அப்பாவுக்குச் சாப்பாட்டோடு நான்கு. இரண்டும் ஒன்றா? இதைப் படித்துவிட்டு யாராவது நான்கையும் கஞ்சியோடு கொடுத்துவிடப் போகிறார்கள்.

மண்டபம் தம்பி:
சரி அக்கா, நியாயம்தான். டாக்டர் சொல்லாமல் நான்கை ஒன்றாகக் குறைக்கவும் கூடாது.

ஓய்வுபெற்ற நர்ஸ், ராமநாதபுரம்:
எங்கள் வார்டுக்குத் தேவிபட்டினம் பக்கத்திலிருந்து ஒருவர் வருவார். மாத்திரைதான் இருக்கிறதே என்று ஊசியை விட்டுவிட்டார். அடுத்த தடவை மகன் தூக்கிக்கொண்டு வந்தார், இடுப்புக்குக் கீழே அசைவில்லை.

அதனால் சொல்கிறேன். மாத்திரை ஊசிக்குப் பதில் இல்லை. விதையில் ஊறும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை ஊசி நிறுத்துகிறது. கிட்னிக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியிலும் கட்டிக்குள்ளேயும் ஊறுவதை அபிராட்டெரோன் அடைக்கிறது. விதை நீக்கும் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குத்தான் ஊசி தேவையில்லை. அப்புறம், அந்த வழியை அடைக்கும்போது அட்ரினலில் வேறு ஹார்மோன் பெருகி உப்பையும் நீரையும் உடம்பில் பிடித்து வைக்கும், பொட்டாசியத்தை வெளியே தள்ளும். கால் வீக்கமும் பிரஷரும் அப்படித்தான் வருகின்றன. அதை அடக்கவே ப்ரெட்னிசோலோன். ஸ்டீராய்டு என்று பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள். நம் பக்கத்து வீடுகளில் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது, எனக்கும் தெரியும். ஆனாலும் இந்த மருந்து ஓடும்வரை கருவாட்டையும் ஊறுகாயையும் குறையுங்கள். பிரஷர் வாராவாரம் பாருங்கள். கல்லீரல் பரிசோதனை முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதாமாதம். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாக வேண்டாம், வழக்கமான அளவே போதும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கையுறை இல்லாமல் இந்த மாத்திரையைத் தொடவிடாதீர்கள், முக்கியமாக உடைந்ததை. மருமகள்தான் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள் என்றால் இதை அவளிடமே சொல்லுங்கள்.

இதே நோய்க்கான வேறு மாத்திரை என்சாலுடமைடு. அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தச் சாப்பாட்டுக் கணக்கு கிடையாது, ப்ரெட்னிசோலோனும் கட்டாயமில்லை. ஆனால் சிலருக்கு வலிப்பு வரலாம். முன்பே வலிப்பு வந்தவர் என்றால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். கடலுக்குப் போகிறவர் என்றால் அதையும் சொல்லுங்கள்.

தங்கச்சிமடம்:
எங்கள் அப்பாவுக்கு இதே நோய்க்கு பைகலுடமைடு என்ற மாத்திரை, தினம் ஒன்று. இந்த மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிவிட்டு எல்லோரும் வெற்றுடம்போடு வலை பிணைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா மட்டும் அந்த வெயிலில் சட்டையைக் கழற்றவில்லை. பொத்தான் கழுத்துவரை. ஆயுசில் கரையில் அவரைச் சட்டையோடு நான் பார்த்ததில்லை. வலையை மார்போடு சேர்த்து இழுக்கும்போது பல்லைக் கடித்தார். அப்போதுதான் சந்தேகம் வந்தது. ராத்திரி குளிக்கும்போது பார்த்துவிட்டேன், மார்பு இரண்டும் வீங்கியிருக்கிறது. என்னைக் கண்டதும் துண்டை எடுத்துப் போர்த்திக்கொண்டு, "போ, போய்ப் படு" என்றார். எத்தனை மாதமாக மறைத்தாரோ. அம்மாவுக்கும் தெரியாது.

ஓய்வுபெற்ற நர்ஸ், ராமநாதபுரம்:
அந்த மாத்திரையில் அது அடிக்கடி வருவதுதான் தம்பி. வலிக்கும் வீக்கத்துக்கும் வழி இருக்கிறது. டாமாக்சிஃபென் மாத்திரை கொடுப்பார்கள், சிலருக்கு மார்பில் கொஞ்சமாகக் கதிர்வீச்சு வைப்பார்கள். நாள் கடத்தினால் வீக்கம் வற்றுவது கடினம். அடுத்த ஊசிக்குப் போகும்போது கேட்டுவிடுங்கள்.

தங்கச்சிமடம்:
கேட்கிறேன் அம்மா. அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போய்க் கேட்டால் டாக்டர் சொல்வாரா? அவர் முன்னால் எப்படிப் பேச்சை எடுப்பது என்றுதான் தெரியவில்லை.