பிராட்பேண்ட் மாற்றியபோது உங்களுக்கு நேர்ந்தது என்ன?

பொள்ளாச்சியிலிருந்து:
ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்பதை இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீடு தோப்புக்கு நடுவே இருக்கிறது. மின்கம்பத்திலிருந்து தென்னைக்கும், தென்னையிலிருந்து வீட்டுக்கும் ஃபைபரை இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஒரு மட்டை விழுந்தால் போதும், மோடத்தில் ஒளி வரவில்லை என்று காட்டும் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக மின்னத் தொடங்கிவிடும். நான்காவது முறை அப்படி ஆனபோது என் மகள் ஒரு வேலைக்கான நேர்காணலில் இருந்தாள். கேள்வி கேட்டவரின் முகம் பாதி திறந்த வாயோடு திரையில் அப்படியே நின்றுவிட்டது. அவள் அந்த அசையாத முகத்தைப் பார்த்தபடியே தன் பதிலை இறுதிவரை சொல்லி முடித்தாள். அதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

அன்றிரவே இணைப்பை மாற்ற முடிவு செய்தேன். புதியது வருவதற்குள் பழையதை ஒப்படைத்தது என் தவறு. மூன்று நாள் என்றவர்கள் பதினேழு நாள் கழித்து வந்தார்கள். வந்தவர்கள் அதே கம்பத்திலிருந்து அதே தென்னைக்குத்தான் கட்டினார்கள்.

சோமனூரிலிருந்து:
பொள்ளாச்சி நண்பர் நிறுவனத்தை மாற்றியதே தேவையற்றது என்பது என் கருத்து. கம்பி வரும் வழியை மாற்றாமல் பில்லில் உள்ள பெயரை மட்டும் மாற்றினால் காற்று விட்டுவிடுமா? எனக்கு நேர்ந்தது வேறு. தறிக்கூடத்துக் கேமராக்களை வெளியூரிலிருந்து கைப்பேசியில் பார்த்துவந்தேன். புதிய இணைப்புக்கு மாறிய அன்று வேகம் இரு மடங்கானது, ஆனால் கேமரா ஒன்றும் தெரியவில்லை. இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்ணான பொது ஐ.பி. முகவரி ஒன்றையே பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள் என்பதும், வெளியிலிருந்து நேரடியாக உள்ளே வர நிலையான முகவரியைத் தனியாகப் பணம் கட்டி வாங்க வேண்டும் என்பதும் ஒரு வாரம் அலைந்த பிறகே தெரிந்தது.

ஈரோட்டிலிருந்து:
சோமனூர்க்காரர் சொல்வதில் பாதியைத்தான் ஏற்கிறேன். கம்பி வரும் வழி மட்டுமல்ல, இணைப்புகளைப் போட்டவரின் கையும் முக்கியம். எங்கள் வீட்டில் மாலையானால் இணையம் அறுந்து அறுந்து வரும். கடைசியாக வந்த இளைஞர் ஒளியளவு மீட்டரைச் செருகி, "பாருங்கம்மா, மைனஸ் இருபத்தொன்பது காட்டுதுங்க" என்றார். மைனஸுக்குப் பின் வரும் எண் கூடக் கூட, வந்து சேரும் ஒளி குறைவு என்று அர்த்தம். ஃபைபரை வெட்டி மீண்டும் ஒட்டியபின் அது மைனஸ் இருபத்தொன்று ஆனது. இந்த அளவு டெசிபலில் வருவது; மூன்று டெசிபல் குறைந்தாலே ஒளி பாதியாகிவிடும் என்பதால், அந்த எட்டு டெசிபல் ஆறு மடங்கு வித்தியாசம். அதன்பின் நான் நிறுவனத்தை மாற்றவே இல்லை.

மாற்றியே தீர வேண்டும் என்பவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் அதே தெருவில் அதே நிறுவனத்தின் இணைப்பு வைத்திருப்பவரிடம், பழுதானால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருகிறார் என்று கேளுங்கள்; விளம்பரத்தில் அது இருக்காது. வேகம் 100 எம்.பி.பி.எஸ்., அதாவது நொடிக்கு 100 மெகாபிட் என்றால், எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால் நொடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும். அதையும் மோடத்தில் வயரைச் செருகிச் சோதியுங்கள், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இரண்டு சுவர் தாண்டிச் சோதித்துவிட்டு நிறுவனத்தைத் திட்டுவது நியாயமில்லை. சொல்லும் கட்டணத்தோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரும். அளவில்லா இணையம் என்பார்கள், ஆனால் மாதத்துக்கு எத்தனை ஜி.பி.க்குப் பிறகு வேகத்தைக் குறைப்பார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பழைய மோடத்தைக் கொடுக்கும்போது ரசீது இல்லாமல் விடவே கூடாது, முன்பணம் அதை நம்பித்தான் இருக்கிறது. புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 ஒழுங்குமுறைப்படி அந்த நிறுவனத்துக்குள்ளேயே மேல்முறையீட்டு அமைப்பு இருக்க வேண்டும். அங்கே போங்கள்.

மீண்டும் பொள்ளாச்சியிலிருந்து:
சோமனூர் நண்பர் சொன்னது எனக்கு வலித்தாலும் உண்மைதான். இந்த ஆடிக்கு முன்பாக, கம்பத்தடியிலிருந்து வரப்போரமாகக் குழாய் புதைத்து, அதற்குள் ஃபைபரைக் கொண்டுவந்துவிட்டோம். மீட்டர் அளவையும் கேட்டுக் குறித்துக்கொண்டேன்: மைனஸ் இருபத்திரண்டு. மகளுக்கு அடுத்த நேர்காணல் புதன்கிழமை.