அகன்ற, தடித்த சாய்வெழுத்து: நிமிர்ந்த எழுத்துருவைச் சாய்த்துக்கொண்டால் போதுமா?

கேள்வி:
வணக்கம். உடற்பயிற்சிக் கருவிகள் தயாரிக்கும் புதிய நிறுவனம் ஒன்றுக்கு லோகோ வடிவமைத்து வருகிறேன். வேகமும் உறுதியும் ஒருசேரத் தெரிய வேண்டும் என்று அவர்கள் கேட்பதால், ஆங்கிலத்தில் ஏழெழுத்துள்ள அந்தப் பெயரை அகன்ற, தடித்த சாய்வெழுத்தில் அமைக்க எண்ணியுள்ளேன். என்னிடம் உள்ள அகன்ற எழுத்துருவில் சாய்வு வடிவம் இல்லாததால், மென்பொருளிலேயே 12 பாகை சாய்த்துப் பார்த்தேன். ஏதோ உறுத்துகிறது, எது என்று பிடிபடவில்லை.

பதில் 1:
உங்கள் கண் ஏமாறவில்லை. சாய்த்த ஆங்கில ‘ஓ’வை (O) பெரிதாக்கிப் பாருங்கள்: வலப்பக்க மேல் வளைவும் இடப்பக்கக் கீழ் வளைவும் தடித்திருக்கும், மற்ற இரு மூலைகளும் மெலிந்திருக்கும். ‘வி’யில் (V) இடக்கை தடித்து, வலக்கை இளைத்துப்போகும். மெல்லிய எழுத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும் இந்தக் கோணல், எழுத்து தடித்தும் அகன்றும் இருக்கும்போது ஒளிய இடமின்றி வெளியே வந்துவிடுகிறது. எழுத்துரு வரைபவர்கள் சாய்த்த பிறகு ஒவ்வொரு வளைவையும் கையால் திருத்துவதற்குக் காரணம் இதுதான். அதே வேலையை நீங்களும் செய்யலாம், ஏழெழுத்துதானே. ஆனால் வடிவத்தை மாற்ற அந்த எழுத்துருவின் உரிமம் இடம் தருகிறதா என்று முதலில் படித்துவிடுங்கள்.

பதில் 2:
ஒன்றைச் சேர்க்கிறேன். 1501இல் வெனிஸ் நகரில் அச்சாளர் ஆல்டஸ் மனூட்டியஸ் தம் சிறு நூல்களில் பயன்படுத்திய சாய்வெழுத்து, கையெழுத்தை ஒட்டிய ஒடுங்கிய வடிவம். அகலமான சாய்வு அந்த மரபுக்கு நேர் எதிரானது என்பதால், கையெழுத்துச் சாயலை இதில் தேட வேண்டாம். இதன் உறவு 1952இல் வந்த மைக்ரோகிராமா போன்ற, சதுரத்தை ஒட்டி வளையும் அகன்ற எழுத்துகளோடுதான். வளைவு சதுரமாக இருந்தால் அகலத்திலும் எழுத்து தளர்ந்து தெரியாது. நிமிர்ந்த குறுகிய எழுத்தை இழுத்து அகலமாக்கும் எண்ணம் வந்தால் மட்டும் கைவிடுங்கள். செங்குத்துக் கோடுகள் பருத்து, கிடைக்கோடுகள் அப்படியே நின்றுவிடும்.

பதில் 3:
இணையதளத்தில் ஒரு பொறி இருக்கிறது. சாய்ந்த எழுத்துருக் கோப்பினை ‘நிமிர்ந்தது’ என்று பாணித்தாளில் (CSS) அறிவித்துவிட்டு, தலைப்புக்குச் சாய்வைக் கேட்டால், உலாவி தன் பங்குக்கு இன்னொரு முறை சாய்த்துவிடும். நான் இதைக் கண்டுபிடிக்க ஒரு மாலை முழுவதும் செலவழித்தேன். மேலும், சிறிய அளவில் ‘ஏ’ (A), ‘ஈ’ (E) போன்றவற்றின் உள்ளே இருக்கும் வெற்றிடம் அடைபட்டுவிடும் என்பதால், உலாவித் தாவலில் தெரியும் 16 பிக்சல் சின்னத்துக்கு முழுப் பெயரை நுழைக்காமல் முதலெழுத்தை மட்டும் தனியே வரைந்துகொள்ளுங்கள். கைப்பேசித் திரையில் இத்தகைய எழுத்து ஒரு வரிக்கு இரண்டு சொல்லுக்கு மேல் தாங்காது.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. ‘ஓ’வைப் பெரிதாக்கிப் பார்த்தேன், நீங்கள் சொன்ன அதே மூலைகள்தான். உரிமத்திலும் வடிவத்தை மாற்றத் தடை இருப்பதால், சாய்வாகவே வரையப்பட்ட எழுத்துரு ஒன்றை வாங்கப் பரிந்துரைத்துவிட்டேன். அதை லோகோவுக்கும் குறுந்தலைப்புகளுக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் சாதாரண நிமிர்ந்த எழுத்தையே பயன்படுத்தப்போகிறேன்.