சாம்சங் ஏ52: லீனியேஜிலிருந்து கம்பெனி சாஃப்ட்வேருக்குத் திரும்பணும், ஓடின்ல ஃபெயில் வருது, அவசரம்

கரிசல்காடு:
ஏ52 போன். லீனியேஜ்னு ஒரு கஸ்டம் ரோம் (கம்பெனியோடது இல்லாத ஆண்ட்ராய்டு) போட்டு ஓட்டிக்கிட்டு இருந்தேன். பேங்க் ஆப் எதுவும் திறக்க மாட்டேங்குது, அதனால கம்பெனி சாஃப்ட்வேருக்கே போயிடலாம்னு ஓடின்ல (கணினியிலிருந்து சாம்சங் போனுக்கு சாஃப்ட்வேர் ஏத்துற கருவி) ஃபைல் போட்டேன். ஆரம்பிச்ச உடனே சிவப்புல ஃபெயில். இப்போ போன் ஆன் ஆகல, வெளிர்நீல ஸ்கிரீன்ல ஏதோ எரர் காட்டுது. டேட்டா போனா பரவாயில்லை. நாளைக்குள்ள சரி பண்ணணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தாமிரபரணி:
கேபிள்தான் ப்ரோ. முன்பக்க யுஎஸ்பில சொருகாதீங்க, மதர்போர்டுல நேரா இருக்கிற பின்பக்க 2.0 போர்ட்ல போடுங்க. நடுவுல ஹப் இருக்கவே கூடாது. பாதி ஃபெயில் இதுலதான் வரும்.

பிட்டுபைட்டு:
எந்த ஏ52 நண்பா? அந்தப் பேர்ல மூணு போன் இருக்கு. 4ஜி மாடல் எஸ்எம்-ஏ525எஃப், ஸ்னாப்டிராகன் 720ஜி. 5ஜி மாடல் ஏ526பி, 750ஜி. ஏ52எஸ் வந்து ஏ528பி, 778ஜி. ஒண்ணோட ஃபைல் இன்னொண்ணுக்கு ஏறாது. அதோட இதையும் சொல்லுங்க: ஓடின் என்ன பதிப்பு, அதோட லாக்ல (ஓடின் எழுதுற பதிவுல) கடைசி நாலு வரி என்ன, எந்த ஃபைல் போட்டீங்க, எங்கிருந்து எடுத்தீங்க. ரொம்ப முக்கியமா, ஃபெயில் ஆனப்போ போன் ஸ்கிரீன்ல பொடி எழுத்துல ஒரு வரி வந்திருக்கும், அது என்ன?

எம்ஐ_மன்னன்:
எது பண்ணாலும் பூட்லோடரை (போனை முதல்ல எழுப்புற புரோகிராம்) மட்டும் லாக் பண்ணிடாதீங்க. ரெட்மில சைனா போனுக்கு குளோபல் ரோம் போட்டு லாக் பண்ணவங்க கதி தெரியும்ல? மி ஃப்ளாஷ்ல (ரெட்மிக்கு ஓடின் மாதிரி) கீழே 'கிளீன் ஆல் அண்ட் லாக்' தானாவே டிக் ஆகி நிக்கும், கவனிக்காம அடிச்சா போன் செங்கல்.

ஆதிமூலம்:
மாடல் எண் இல்லை, பிழைச் செய்தி இல்லை, ஃபைல் பெயர் இல்லை. இந்த மூன்றும் இல்லாமல் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது என்பதை எத்தனை இழைகளில் எழுதிவிட்டேன். கஸ்டம் ரோம் போடும்முன் திரும்பிவரும் வழியைப் படித்துவைத்துக்கொள்வது அடிப்படை. பூட்லோடர் பதிப்பு என்றால் என்ன என்று தெரியாதவர் ஓடினைத் திறக்கவே கூடாது. இதுவும் பூட்லோடர் பதிப்புச் சிக்கலாகத்தான் இருக்கும். ஸ்கிரீனில் உள்ளதை எழுதச் சொல்லுங்கள்.

கரிசல்காடு:
எஸ்எம்-ஏ525எஃப். போன் வாங்கின புதுசுல இறக்கி வச்ச ஆண்ட்ராய்டு 11 ஃபைல். ஓடின் 3.14. போன்ல வந்தது: எஸ்டபிள்யூ ரெவ் செக் ஃபெயில், பூட்லோடர், டிவைஸ் 4, பைனரி 1. கேபிள் மாத்திப் பாத்துட்டேன், அதேதான்.

பிட்டுபைட்டு:
இப்போ புரிஞ்சுது. கேபிள் இல்ல, டிரைவரும் இல்ல. உங்க போனோட பூட்லோடர் 4ஆம் பதிப்புல இருக்கு, நீங்க ஏத்தப் பாத்தது 1ஆம் பதிப்பு. லீனியேஜ் போடுறதுக்கு முன்னாடி ஆண்ட்ராய்டு 13 வரை அப்டேட் பண்ணியிருப்பீங்க, அப்பவே சிப்புக்குள்ள அந்த எண் எரிச்சு எழுதப்பட்டுடும். அதுக்குக் கீழே எதையும் போன் வாங்காது. பழைய ஓட்டைகள் வழியா யாரும் உள்ளே வரக்கூடாதுன்னு சாம்சங் போட்ட தடுப்பு.

ஃபைல் பெயர்ல இதைப் பாக்குறது சுலபம். பதிப்பு எண்ணைக் கடைசியிலிருந்து எண்ணிட்டு வந்தா ஐந்தாவது எழுத்து பூட்லோடர் பதிப்பு. கடைசி எழுத்து பில்டு, அதுக்கு முன்னாடி மாதம், அதுக்கு முன்னாடி வருஷம் (யு 2021, வி 2022, டபிள்யூ 2023, எக்ஸ் 2024). உங்களுக்கு அந்த ஐந்தாவது இடத்துல 4 அல்லது அதுக்கு மேல இருக்கணும்.

சிப்செட்_செல்வம்:
ஓடின்ல பிஎல் (பூட்லோடர் ஃபைல்) இடத்தைக் காலியா விட்டுட்டு ஏபி (முக்கிய சிஸ்டம் ஃபைல்) மட்டும் போட்டா இந்தச் செக் வராதே? பூட்லோடர்தானே தடுக்குது.

பிட்டுபைட்டு:
வரும். டவுன்லோட் மோடுல (ஓடின் ஃபைலைப் போன் வாங்குற நிலை) ஏபி எஸ்டபிள்யூரெவ்னு ஒரு வரி இருக்கும், அதுல பி, கே, எஸ்னு மூணு எண். பூட்லோடர், கெர்னல், சிஸ்டம். ஏபி ஃபைலுக்குள்ள இருக்கிற பூட் இமேஜுக்கும் விபிமெட்டாவுக்கும் (சரிபார்ப்புத் தகவல்) அந்த எண் உண்டு. பிஎல்லைத் தாண்டினா கெர்னல்ல மாட்டும். பழசையும் புதுசையும் கலந்து போட்டா நிலைமை இன்னும் மோசமாகும்.

தாமிரபரணி:
சரி, அப்போ ஸ்மார்ட் ஸ்விட்ச்ல எமர்ஜென்சி ரெகவரி? அந்த வெளிர்நீல ஸ்கிரீன்லயே அதைத்தான் சொல்லுது.

பிட்டுபைட்டு:
இந்த நிலையில அது பெரும்பாலும் போனை அடையாளமே காணாது. அதைவிட, ஸ்மார்ட் ஸ்விட்ச் பின்னணியில ஓடினா போர்ட்டைப் பிடிச்சுக்கும், ஓடின் 'செட்டப் கனெக்‌ஷன்' வரியிலயே நின்னுடும். டாஸ்க் மேனேஜர்ல அதை மூடிட்டு வேலையை ஆரம்பிங்க.

கரிசல்காடு, உங்களுக்கான வழி. அந்த வெளிர்நீல ஸ்கிரீன் பயப்பட வேண்டியது இல்லை. அதிலேயே ஓடின் வேலை செய்யும். போன் அதுல நிக்கலைன்னா வால்யூம் டவுனும் பவரும் ஏழெட்டு செகண்ட் பிடிச்சு ஆஃப் ஆனதும், ரெண்டு வால்யூமையும் சேர்த்து அழுத்திக்கிட்டே கேபிளைச் சொருகுங்க. சார்ஜ் பாதிக்கு மேல இருக்கட்டும்.

ஏ525எஃப், பகுதி ஐஎன்எஸ் (இந்தியா), இருக்கிறதிலேயே புதுசு. ஃப்ரிஜா மாதிரி கருவி சாம்சங் சர்வர்லேர்ந்தே நேரா இறக்கித் தரும், இப்போ ஐஎம்இஐ கேக்கும், பெட்டியில இருக்கிறதைப் பாத்துக் கொடுங்க. ஜிப் 5 ஜிபிக்கு மேல இருக்கும், பிரிக்கவும் இடம் வேணும், கணினியில 15 ஜிபி காலி வச்சுக்கோங்க. பிரிச்சா அஞ்சு ஃபைல் வரும்: பிஎல், ஏபி, சிபி (மோடம்), சிஎஸ்சி (நாட்டுக்கான அமைப்பு), ஹோம் சிஎஸ்சி.

இதுலதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. ஹோம் சிஎஸ்சி டேட்டாவை விட்டுவைக்கும். லீனியேஜோட டேட்டா பகுதியை சாம்சங் சிஸ்டத்தால படிக்க முடியாது, லோகோவிலேயே சுத்திக்கிட்டு இருக்கும். நீங்க வெறும் சிஎஸ்சியைத்தான் போடணும். அது எல்லாத்தையும் அழிச்சு, பார்ட்டிஷன் அமைப்பையும் பழையபடி ஆக்கிடும்.

ஓடினை அட்மினா திறங்க. நாலு ஃபைலையும் அதது இடத்துல போடுங்க. ஏபி போடும்போது ஓடின் ரெண்டு மூணு நிமிஷம் உறைஞ்ச மாதிரி நிக்கும், ஃபைல் சிதையலையான்னு (எம்டி5) சரிபார்க்குது, மூடிடாதீங்க. ஆப்ஷன்ஸ்ல ஆட்டோ ரீபூட், எஃப் ரீசெட் டைம் ரெண்டு மட்டும் டிக். நேண்ட் இரேஸைத் தொடவே கூடாது, ஐஎம்இஐ இருக்கிற இஎஃப்எஸ் பகுதியும் சேர்ந்து போயிடும். ரீ-பார்ட்டிஷனையும் கையால டிக் பண்ண வேண்டாம், சிஎஸ்சி பாத்துக்கும். மேலே காம் கட்டம் நீலமானதும் ஸ்டார்ட். பச்சையா பாஸ் வந்தப்புறம் முதல் பூட் பத்து நிமிஷம் வரை எடுக்கலாம்.

லீனியேஜ்ல கூகுள் கணக்கு வச்சிருந்தீங்கன்னா அதோட பாஸ்வேர்டு கையில இருக்கட்டும். ஓடின்ல எல்லாம் அழிஞ்சாலும் எஃப்ஆர்பி (கூகுளோட திருட்டுத் தடுப்பு) பூட்டு அழியாது, செட்டப்ல பழைய கணக்கைக் கேக்கும்.

எம்ஐ_மன்னன்:
திரும்பவும் சொல்றேன், லாக் பண்ண வேண்டாம்.

ஆதிமூலம்:
ரெட்மியின் விதியைச் சாம்சங்கில் கொண்டுவந்து பொருத்துவதுதான் இங்கே பெரிய தொல்லை. வங்கிச் செயலிகளுக்காகத்தான் அவர் திரும்புகிறார். பூட்லோடர் திறந்திருந்தால் பிளே இன்டெக்ரிட்டி (கூகுளின் பாதுகாப்புச் சோதனை) தேறாது. பூட்டாமல் விட்டால் இத்தனை வேலையும் வீண். சாம்சங்கில் பூட்டிய பிறகும் டவுன்லோட் மோடு, கம்பெனி கையொப்பமிட்ட ஃபைலை ஏற்கும். ஆகவே தவறினாலும் மறுபடி ஓடினில் மீட்கலாம். ரெட்மியில் அந்த வழி இடிஎல் (அவசர டவுன்லோட் நிலை), அதற்கு அங்கீகரிக்கப்பட்ட கணக்கு வேண்டும். இரண்டும் ஒன்றல்ல.

எம்ஐ_மன்னன்:
டிடபிள்யூஆர்பி (கஸ்டம் ரெகவரி) உள்ளே இருக்கும்போதே லாக் பண்ணா சாம்சங்கும் பூட் ஆகாதே சார்? அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஆதிமூலம்:
ஆகாது. அதனால்தான் முதலில் முழு ஃபர்ம்வேர் (கம்பெனி சாஃப்ட்வேர்), பிறகு பூட்டு. வரிசை மாறக்கூடாது.

பிட்டுபைட்டு:
ரெண்டு பேர் சொல்றதும் சரிதான். பாஸ் வந்து போன் ஒருமுறை ஒழுங்கா ஆன் ஆகட்டும். வைஃபை, கணக்கு எதுவும் போடாம செட்டப்பைத் தாண்டி, ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அடிச்சு ரெண்டு ஐஎம்இஐயும் பெட்டியோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. ஆஃப் பண்ணுங்க. ரெண்டு வால்யூமும் அழுத்திக் கேபிள் சொருகினா எச்சரிக்கை ஸ்கிரீன் வரும். அங்கே வால்யூம் அப்பை நீண்ட நேரம் அழுத்தினா பூட்லோடரை பூட்டவான்னு கேக்கும். சரின்னா மறுபடி எல்லாம் அழிஞ்சு ஆன் ஆகும். அதனால கணக்கு, ஆப் எல்லாம் இதுக்கப்புறம்தான் போடணும்.

சிப்செட்_செல்வம்:
நாக்ஸ் (போனை மாத்தியிருக்கான்னு காட்டுற சாம்சங் குறி)? அது 0x1 ஆகியிருக்குமே. கடையில 0 ஆக்கித் தர்றேன்னு சொல்றாங்க, காசு கொடுத்துப் பண்ணிட்டா பெட்டி பிரிக்காத போன் மாதிரி ஆயிடும்.

ஆதிமூலம்:
அது மின்ஃப்யூஸ். எரிந்தால் எரிந்ததுதான். சாஃப்ட்வேர் எதுவும் அதைத் திரும்ப ஒட்டாது. மதர்போர்டை மாற்றினால் ஒழிய 0 காட்டும் கடைக்காரர் உங்களை ஏமாற்றுகிறார். பணம் கொடுக்காதீர்கள்.

வைகைக்கரை:
அப்போ வங்கி ஆப் மட்டும் எப்படி வேலை செய்யும்?

பிட்டுபைட்டு:
அதுங்க பாக்குறது பூட்லோடர் பூட்டும் கூகுளோட சான்றும். நாக்ஸைப் பாக்குறது சாம்சங்கோட சொந்த ஆப்புங்கதான். செக்யூர் ஃபோல்டர், சாம்சங் பாஸ், வாலெட்ல தட்டிப் பணம் கட்டுறது, இதெல்லாம் இனி இந்தப் போன்ல கிடையாது. போனை விக்கிறதா இருந்தா வாங்குறவர்கிட்ட இதைச் சொல்லித்தான் விக்கணும்.

சிப்செட்_செல்வம்:
எக்ஸ்சேஞ்ச்ல யாரும் டவுன்லோட் மோடுக்குப் போய்ப் பாக்குறதில்ல.

பிட்டுபைட்டு:
யாரும் பாக்கலைங்கிறதுக்காக மறைக்கிறது சரியில்லை. அடுத்து வாங்குறவர் செக்யூர் ஃபோல்டரைத் திறக்கப் போயி நிப்பார், காரணமே தெரியாது.

கரிசல்காடு:
பாஸ் வந்துடுச்சு. லாக்கும் பண்ணிட்டேன். பேங்க் ஆப் திறக்குது. நன்றி.

பிட்டுபைட்டு:
நல்லது. டெவலப்பர் ஆப்ஷன்ஸ்ல ஓஇஎம் அன்லாக்கிங் ஆஃப்ல இருக்கான்னு ஒருதரம் பாருங்க. சாஃப்ட்வேர் அப்டேட்டையும் தட்டிப் பாருங்க. அனுமதியில்லாம மாத்தப்பட்டிருக்குன்னு செய்தி வராம தேடுச்சுன்னா, சாம்சங் அப்டேட் ஏதாவது விட்டா தானாவே வரும். ஓடின் பதிவுல பாஸ் வந்த ஃபர்ம்வேரோட பெயரை இங்கே எழுதிடுங்க, அடுத்து வர்றவங்களுக்கு உதவும்.

வைகைக்கரை:
எனக்கும் அந்தப் பெயர் வேணும். என்கிட்ட இருக்கிறதும் ஏ525எஃப், எஸ்டபிள்யூரெவ்ல பி 5 காட்டுது.

பிட்டுபைட்டு:
அப்போ உங்களுக்கு ஐந்தாவது எழுத்து 5 அல்லது அதுக்கு மேல இருக்கணும் நண்பா. அவர் போட்டதுல 4 இருந்தா உங்க போன் வாங்காது. ஐஎன்எஸ்ல இன்னைக்கு இருக்கிற புதுசையே நேரா இறக்கிக்கோங்க.