தும்பிக்கை வைத்த 'லை'

பேத்தி, பழைய வண்ணாரப்பேட்டை:

ஆயா போய்ப் போன மாதத்தோடு ஒரு வருஷம். (வட சென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்கு: நாங்கள் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். தி.நகரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் "எங்க ஆயா ஸ்கூல்ல இருந்தாங்க" என்று சொல்லிவிட்டு, எந்த ஆயா என்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.)

காசிமேட்டுப் பக்கம் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் ஒன்றாம் வகுப்பு டீச்சர். மேல் வகுப்பு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ள மாட்டார். "அஞ்சாவதுல எவன் வேணா பாடம் நடத்தலாம். முதல் எழுத்தை நான்தான் போடணும்" என்பார். கொஞ்சம் கர்வம்தான்.

அந்தக் கர்வத்துக்கு ஒரு சோதனை 1978இல் வந்தது. எழுத்துச் சீர்திருத்த அரசாணை. அதுவரை 'லை', 'னை', 'ளை', 'ணை' எல்லாம் எழுத்தின் தலையிலேயே யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு சுழியோடு இருந்தவை. 'னா', 'ணா', 'றா' மூன்றும் கீழே வளைந்து முடியும். எல்லாவற்றுக்கும் தனியாகக் கொம்பும் காலும் வந்தது அப்போதுதான். பெரியார் பல வருஷம் முன்பே தன் பத்திரிகையில் அப்படித்தான் அச்சிட்டார், பிள்ளைகளுக்குச் சுலபம், என்று ஆயாவே சொல்வார். சரி, கை கேட்க வேண்டுமே! கரும்பலகையில் புது 'லை' எழுதுவார், வீட்டில் பழையதுதான். பழைய மாதிரி எழுதிய பிள்ளைகளுக்கும் டிக் போட்டாராம். "போன வருஷம் நானே சரின்னு சொன்னதை இந்த வருஷம் எப்படிடி அடிக்கறது?"

அவரிடம் படித்தவர்கள், பழகியவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்களேன். நல்லதாக மட்டும்தான் எழுத வேண்டும் என்று இல்லை.

பழைய மாணவர், காசிமேடு:

அடி வாங்கினேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மரத்து ஸ்கேல்.

விடியற்காலையில் போட் கரைக்கு வந்ததும் ஐஸ் தூக்கப் போனால் நாலு காசும் கைநிறைய மீனும் கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் என்ன கிடைக்கும்? ஒரு வாரம் போகவில்லை. எட்டாம் நாள் டீச்சர் ஏலம் போடும் இடத்துக்கே வந்துவிட்டார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மீன் தண்ணீரில் நின்றபடி, ஏலம் விடுகிறவரைப் பார்த்து, "இவன் எவ்ளோக்குப் போறான்? சொல்லு, நானும் கேக்கறேன்" என்றார். கரையே சிரித்தது. எனக்கு மானம் போய்விட்டது. அன்றைக்குப் பிடரியில் கைவைத்துக் கூட்டிக்கொண்டு போனவர், மீன் நாற்றம் என்று மற்ற பிள்ளைகள் மூக்கைப் பிடித்ததும் என்னை முதல் வரிசையில், தன் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

நான் கலெக்டர் ஆகிவிடவில்லை. பத்தாவதோடு சரி. போட் இன்ஜின் பழுது பார்க்கிறேன். பில்லை நானே எழுதுவேன்.

பக்கத்து வீட்டுக்காரர்:

2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ விட்டதும் டீச்சரைத் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போனோம். தியாகராயா கல்லூரி ஸ்டேஷன் பேரைச் சொன்னதுதான் தாமதம், யார் அந்தத் தியாகராயர் என்று என் பையனைப் பிடித்துக்கொண்டார். 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட ஆரம்பித்தவர் என்று திருவொற்றியூர் வரும்வரை பாடம். எதிர் சீட்டில் இருந்தவர்களுக்கும் சேர்த்து.

மீன்காரம்மா மகள்:

எங்கள் அம்மா கைநாட்டு. டீச்சர் ரிட்டையர் ஆனபிறகு சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து ஃபாரம் எழுதிக் கொடுப்பார். ஆனால் கையெழுத்துப் போடக் கற்றுக்கொள்ளாமல் மூன்றாவது ஃபாரம் கிடையாது, அதுதான் அவர் கட்டணம். அம்மாவின் பேர் 'லை'யில் முடியும். எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு அஞ்சலை இருப்பார்களே, அந்த மாதிரி. டீச்சர் எழுதிக் காட்டியது தும்பிக்கை வைத்த 'லை'. அம்மாவுக்கு அது எழுத்தே இல்லை, கோலம் மாதிரி ஒரு படம். அப்படியே மனப்பாடம்.

ரொம்ப வருஷம் கழித்து, படித்த திமிரில் நான் அதைத் திருத்தினேன். புது 'லை' போட்டு அம்மா பணம் எடுக்கப் போனால் வங்கியில் கையெழுத்து ஒத்துவரவில்லை என்றுவிட்டார்கள். மீன்பிடித் தடைக்கால நிவாரணப் பணம் அது, வீட்டில் வேறு வரும்படி இல்லை. டீச்சர் கோலை ஊன்றிக்கொண்டு கூடவே வந்தார். அந்தப் பையனிடம் 1978ஐப் பற்றி முழுசாகச் சொன்னார். அவன் பிறக்காத வருஷம். கடைசியில், "தம்பி, தப்பு என்னோடது. கையெழுத்து இவளோடது. பழசையே போட விடு" என்றார். அம்மா போட்டுக் காட்டினார். பணம் வந்தது. இன்றைக்கும் அதே கையெழுத்துதான்.

பேத்தி:

அக்கா, வங்கிக்குப் போன கதையை ஆயா வீட்டில் சொன்னதே இல்லை. "தப்பு என்னோடது" என்று எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஒரு உதவி. அம்மாவை ஒரு தாளில் பேர் எழுதச் சொல்லிப் படம் எடுத்து அனுப்புவீர்களா? இங்கே போட வேண்டாம், வங்கிக் கையெழுத்து, எனக்குத் தனியாக அனுப்புங்கள். எங்களிடம் ஆயா எழுதியது என்று மிச்சம் இருப்பது மளிகைச் சீட்டு ஒன்றுதான். கடலைப்பருப்பு அரை கிலோ, தும்பிக்கையோடு. கடைக்காரரும் ஆயாவின் மாணவர்தான், ஒருநாளும் மாற்றிக் கொடுத்ததில்லை.