ஃபோம் போர்டு ஸ்பிட்ஃபயர்: கையிலிருந்து விட்டதும் இடப்பக்கம் உருளுது, திருப்பத்தில் இறக்கை விழுது

நீள்வட்டம்:

வணக்கம். 5 மி.மீ. ஃபோம் போர்டில் 1:11 அளவில், ரேடியோவில் இயக்கும் ஸ்பிட்ஃபயர் (இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர் விமானம்) மாடல் கட்டியிருக்கிறேன். அசலின் இறக்கை விரிவு 11.23 மீட்டர், என்னுடையது 1020 மி.மீ. உடலோடு சேரும் இடத்தில் இறக்கையின் அகலம் 231 மி.மீ. ஒரே அட்டையைக் கீறி மடித்த இறக்கை, உள்ளே இரட்டை அட்டை ஸ்பார் (இறக்கையைத் தாங்கும் நீளத் தண்டு). சக்கரம் இல்லை, கையால்தான் விடுகிறேன்.

2212 மோட்டார் 1000 கேவி, 10×4.5 ப்ரொப்பெல்லர், 30 ஆம்ப் இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), 178 கிராம் எடையுள்ள 3எஸ் 2200 லிப்போ பேட்டரி, 9 கிராம் சர்வோ (அசையும் மடல்களை இயக்கும் சிறு மோட்டார்) நான்கு. எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்), ரட்டர் (இடம் வலம் திருப்பும் வால் மடல்) சர்வோக்கள் இரண்டும் வாலை ஒட்டியே இருக்கின்றன. மொத்த எடை 780 கிராம். சிஜி (எடை மையம்), அடிப்பக்க (இறக்கை உடலோடு சேரும் இடம்) முன்விளிம்பிலிருந்து 78 மி.மீ. எலிவேட்டர் மேலும் கீழும் 18 மி.மீ., எய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் உருட்டும் இறக்கை மடல்) மேலும் கீழும் 15 மி.மீ. அசைகின்றன. மோட்டார் மவுண்ட் நேராகத்தான் இருக்கிறது, எந்தச் சாய்வும் வைக்கவில்லை.

முழு த்ராட்டிலில் விட்டால் மூக்கு தூக்கிக்கொண்டு, ஐந்து மீட்டருக்குள் இடப்பக்கம் உருண்டு தரையில் குத்துகிறது. ஒரு தடவை எய்லரானைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டேன். இடப்பக்கம் திருப்பி எலிவேட்டரை இழுத்ததும் உள்பக்க இறக்கை சட்டென்று விழுந்து சுழன்றது. மோட்டார் அதிகமா? 8 அங்குல ப்ரொப்பெல்லருக்கு மாறலாமா?

காற்றாடி:

மோட்டார்ல கை வைக்காதீங்க நண்பா. உங்க முதல் பிரச்சினை சிஜி. 231-ல 78-ன்னா கிட்டத்தட்ட 34 சதவீதம். முதல் பறப்புக்கு 25 சதவீதத்துல வைங்க, அதாவது 58 மி.மீ. ஸ்பிட்ஃபயர்ல ஒரு வசதி இருக்கு. இறக்கையோட கால்பங்கு அகலத்துல நுனி வரைக்கும் ஒரு கோடு போட்டா அது ஏறத்தாழ நேரா வரும். அதனால அடிப்பக்கத்துல அளந்தாலே போதும், சராசரி அகலத்தைத் தனியா கணக்குப் போட வேண்டாம்.

வால் கனமா இருக்கற விமானத்துக்கு 18 மி.மீ. எலிவேட்டர் ரொம்ப அதிகம். தொட்டாலே மூக்கு எகிறும். 8-க்குக் குறைச்சு 30 சதவீதம் எக்ஸ்போ (குச்சியோட நடுப்பகுதியில அசைவை மென்மையாக்கற ரேடியோ அமைப்பு) போடுங்க. எய்லரான் மேலே 11, கீழே 7. கீழே போறது கம்மியா இருக்கணும், அதுக்குக் காரணம் உண்டு. மெதுவா பறக்கும்போது விழற இறக்கையைத் தூக்கப் போய் அந்தப் பக்க எய்லரானைக் கீழே இறக்கினா, அந்த நுனிதான் இன்னும் சீக்கிரம் ஸ்டால் ஆகும், அதாவது காத்து பிரிஞ்சு தூக்குவிசையை இழக்கும். நீங்க தூக்கப் பார்த்த இறக்கையே முதல்ல விழும்.

இடப்பக்கம் உருளறதுக்குக் காரணம் ப்ரொப்பெல்லரோட எதிர்முறுக்கு. பின்னாலிருந்து பார்த்தா ப்ரொப்பெல்லர் வலப்பக்கமா சுத்துது, உடம்பு இடப்பக்கம் திரும்பப் பார்க்குது. வேகம் வந்துட்டா எய்லரான் அதைச் சமாளிக்கும். கையை விட்ட அந்த நொடியில வேகமே இல்லை, நீங்களோ முழு த்ராட்டில் கொடுக்கறீங்க. 70 சதவீதம் கொடுங்க. காத்துக்கு எதிரா, தரைக்கு இணையா, தள்ளற மாதிரி விடுங்க. மூக்கை மேலே தூக்கி எறியாதீங்க.

மெர்லின்27:

காற்றாடி சொன்னதோடு முழுவதும் ஒத்துப்போகிறேன். திருப்பத்தில் விழுந்ததைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது இந்த இறக்கையோடு பிறந்த குணம்.

நீள்வட்ட இறக்கையில் விரிவு முழுக்க ஒவ்வொரு இடமும் அதன் அகலத்துக்கு ஏற்ற அளவில் தூக்குவிசையைச் சீராகச் சுமக்கும். அதன் மறுபக்கம், ஸ்டால் ஆகும்போது அடியும் நுனியும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஆகும். மாடலில் இது இன்னும் மோசம். நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் உங்கள் அடிப்பக்கத்தின் ரெனால்ட்ஸ் எண் (வேகமும் அகலமும் குறைந்தால் குறையும் காற்றோட்ட அளவு) சுமார் 1,45,000. நுனிக்கு அருகே 80 மி.மீ. அகலமுள்ள இடத்தில் அது வெறும் 50,000. அவ்வளவு குறைந்த எண்ணில் காற்று சீக்கிரம் பிய்த்துக்கொள்ளும். எனவே நுனி முந்திக்கொள்ளும்.

இதற்காகத்தான் ஸ்பிட்ஃபயரை வடிவமைத்த மிட்செலின் குழு அசல் விமானத்திலேயே இறக்கையை முறுக்கி வைத்தது: அடியில் +2 டிகிரி, நுனியில் −0.5 டிகிரி. அடிப்பக்கம் முதலில் ஸ்டால் ஆகி விமானம் நடுங்கும், அது விமானிக்கு எச்சரிக்கை. நுனியில் எய்லரான் அப்போதும் வேலை செய்யும். ஃபோம் போர்டு இறக்கையைத் தட்டையான மேசையில் வைத்து ஒட்டினால் இந்த முறுக்கு வராது. உங்களுடையதில் வாஷ்அவுட் (இந்த முறுக்கு) இருக்கிறதா?

இன்னொன்று, முன்விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். கீறி மடித்த அட்டையில் அது கூர்மையாக ஒரு மடிப்புக்கோடு போல இருக்கும். விரல் நுனியில் கத்தியின் முதுகைத் தொடுவது போலிருந்தால் அதுவே பாதிக் காரணம். கூரான முன்விளிம்பில் ஸ்டால் முன்னறிவிப்பே இல்லாமல் வரும்.

குறுக்குவிட்டம்:

780 கிராம் கொஞ்சம் அதிகமாத் தெரியுது. மின்சாதனம் எல்லாம் சேர்ந்து 330-க்குள்ளதான் வரும், அப்போ உடம்பு மட்டும் 450. வெட்டாத அட்டை ஒண்ணை எடை போட்டுப் பாருங்க. 50×75 செ.மீ. அட்டை 110 முதல் 120 கிராம் இருந்தா நல்லது. சன்போர்டு வாங்கலைன்னு நம்பறேன். அது பிவிசி, பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் பல மடங்கு கனம், பறக்கற வேலைக்கு ஆகாது.

இறக்கைப் பரப்பு 18.6 சதுர டெசிமீட்டர். 780-க்கு ஒரு சதுர டெசிமீட்டருக்கு 42 கிராம் சுமை. ஸ்டால் வேகம் மணிக்கு சுமார் 31 கி.மீ. 60 டிகிரி சாய்ச்சுத் திருப்பினா அது 1.41 மடங்காகும், 44 கி.மீ. உங்க திருப்பத்துல அந்த வேகம் இருந்திருக்காது. இழுத்தீங்க, விழுந்துடுச்சு.

நீள்வட்டம்:

எல்லோருக்கும் நன்றி. பேப்பர் ஒட்டிய ஃபோம் போர்டுதான், சன்போர்டு இல்லை. ஆனால் ஒரு அட்டை 190 கிராம். வாஷ்அவுட் இல்லை, தட்டை மேசையில்தான் ஒட்டினேன். முன்விளிம்பு நீங்கள் சொன்ன மாதிரியே கூர்மை. இறக்கையைப் பிரிக்காமல் சரிசெய்ய வழி உண்டா? பேட்டரியை முன்னால் தள்ள 50 மி.மீ. இடம்தான் இருக்கிறது, அதற்கப்புறம் மோட்டார் ப்ளைவுட் தடுக்கிறது.

காற்றாடி:

சிஜி கணக்கு போட்டுடலாம். 20 மி.மீ. முன்னால வரணும். 178 கிராம் பேட்டரி 50 மி.மீ. நகர்ந்தா, 178×50÷780, 11.4 மி.மீ. கிடைச்சுடும். வால்ல இருக்கற ரெண்டு சர்வோவையும் இறக்கைப் பின்விளிம்பு பக்கம் கொண்டுவாங்க. 18 கிராம் 300 மி.மீ. நகர்ந்தா இன்னொரு 7. பாக்கி 2 மி.மீ.க்கு மட்டும் மூக்குல எடை வைங்க. முதலிலேயே ஈயத்தைத் தேடிப் போகாதீங்க, ஏற்கெனவே கனமான விமானம் இது.

குறுக்குவிட்டம்:

ஒரு திருத்தம். சர்வோவை முன்னால கொண்டுவந்தா நீளமான புஷ்ராடு (சர்வோவையும் வால் மடலையும் இணைக்கற கம்பி) வேணும். 1.2 மி.மீ. எஃகுக் கம்பி 600 மி.மீ. நீளத்துக்கு 5 கிராமுக்கு மேல வரும். ரெண்டும் சேர்ந்து சிஜிக்கு 250 மி.மீ. பின்னால உட்கார்ந்தா கிடைச்ச 7-ல 3 மி.மீ.க்கு மேல திரும்பப் போயிடும். 1.5 மி.மீ. கார்பன் கம்பி போடுங்க, ஒண்ணு ஒன்றரை கிராம்தான். ரெண்டு முனையிலயும் கொக்கி மாதிரி வளைச்ச துண்டுக் கம்பியை நூல் சுத்தி சயனோ (உடனே ஒட்டற பசை) விட்டு ஒட்டிக்கலாம். நடுவுல மூணு இடத்துல குழாய்த் துண்டு ஒட்டிப் பிடிக்கணும், இல்லேன்னா தள்ளும்போது கம்பி வளைஞ்சு எலிவேட்டர் பாதிதான் அசையும். ஃபோம்ல சாதாரண சயனோ பட்டா கரைச்சுடும், அதை வெளியிலயே ஒட்டிக் காயவெச்சுட்டு உள்ளே விடுங்க.

மெர்லின்27:

இறக்கைக்கு இரண்டு வழி. எளிய வழி, நடுநிலையில் இரண்டு எய்லரானையும் 2 மி.மீ. மேலே தூக்கி வைப்பது. 35 மி.மீ. அகல எய்லரானுக்கு அது மூன்று டிகிரிக்குச் சற்று அதிகம், எய்லரான் உள்ள பகுதியில் வாஷ்அவுட் செய்யும் வேலையையே செய்யும். மூக்கு சற்று மேலே போகப் பார்க்கும், எலிவேட்டர் ட்ரிம்மில் (ரேடியோவில் நடுநிலையை நகர்த்தும் அமைப்பு) கொஞ்சம் கீழே கொடுத்தால் போதும்.

முறையான வழி, இறக்கையின் வெளிப்பக்க 200 மி.மீ.க்குப் பின்விளிம்பு ஒட்டைப் புது பிளேடால் திறப்பது. மூடிய பெட்டியை முறுக்க முடியாது, திறந்தால்தான் முறுக்கலாம். நுனிப்பகுதியில் 100 மி.மீ. அகலமுள்ள இடத்தில் பின்விளிம்பை 4.5 மி.மீ. உயர்த்திக் கட்டை வைத்து, எடை ஏற்றி மறுபடி ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு வர வேண்டும். சரிபார்க்க, உடலிலிருந்து சம தூரத்தில் இரண்டு இறக்கையின் கீழ்ப்பரப்பிலும் நேரான மூங்கில் குச்சியை முன்பின்னாக ஒட்டி, இரண்டு மீட்டர் பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். இரு குச்சியும் ஒரே சாய்வில் தெரிய வேண்டும். ஒன்று மட்டும் சாய்ந்திருந்தால் உருளுவதற்கு அதுவும் காரணம், எந்த ட்ரிம்மும் எல்லா வேகத்திலும் அதைச் சரிக்கட்டாது. முதலில் எளிய வழியில் பறந்து பாருங்கள்.

முன்விளிம்பில் வட்டமான கட்டையை அழுத்தி உருட்டி மழுங்கச் செய்யலாம். பேப்பர் வெடித்தால் மேலே மெல்லிய டேப். வெளிப்பக்கப் பாதியாவது 5 மி.மீ. ஆரத்துக்கு உருண்டையாக வேண்டும்.

மோட்டாருக்கு வலப்பக்கம் 2 டிகிரி, கீழே 2 டிகிரி கொடுங்கள். மவுண்ட் திருகுகளுக்கு இடையே 40 மி.மீ. என்றால் 1.4 மி.மீ. வாஷர். பின்னாலிருந்து பார்க்கும்போது இடப்பக்கம் வைத்தால் வலப்பக்கம் திரும்பும், மேலே வைத்தால் கீழே சாயும். இதை மாற்றி வைப்பது அடிக்கடி நடக்கிற தவறு.

நீள்வட்டம்:

செய்துவிட்டேன். கார்பன் புஷ்ராடு, மூக்கில் 15 கிராம், மொத்த எடை 798, சிஜி 58. எய்லரான் இரண்டும் 2 மி.மீ. மேலே, முன்விளிம்பு உருண்டை. குச்சி வைத்துப் பார்த்தேன், இரண்டு இறக்கையும் சமம். மூன்று பறப்பும் நேராகப் போனது. உயரத்தில் த்ராட்டிலைக் குறைத்து இழுத்துப் பார்த்தேன், மூக்கு நேராகத் தாழ்ந்தது, இறக்கை விழவில்லை! ஒன்றே ஒன்று பாக்கி. முழு த்ராட்டில் கொடுத்தால் இன்னும் மூக்கு மேலே போகிறது.

மெர்லின்27:

அருமை. வாஷரைத் தொடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். நல்ல உயரத்தில் மட்டமாக ட்ரிம் செய்து, மோட்டாரை நிறுத்தி, 30 டிகிரியில் கீழே பாயவிட்டு எலிவேட்டரிலிருந்து விரலை எடுங்கள். தானாக மெதுவாக நிமிர்ந்தால் சிஜி சரி. வேகமாக நிமிர்ந்தால் மூக்கு கனம், எலிவேட்டர் ட்ரிம் மேலே இருக்கிறது. வேகம் கூடக் கூட மேலே போவதற்கு அதுதான் காரணம், வாஷர் அதைச் சரிசெய்யாது. பேட்டரியை 5 மி.மீ. பின்னால் தள்ளி மறுபடி பாருங்கள். மெதுவாக நிமிர்ந்து, த்ராட்டிலில் மட்டும் மூக்கு ஏறினால், மேல் திருகுகளில் இன்னும் 0.7 மி.மீ. சேருங்கள், மூன்று டிகிரி ஆகும்.

குறுக்குவிட்டம்:

திருகை இறுக்கறதுக்கு முன்னாடி ப்ரொப்பெல்லரைக் கழட்டிடுங்க. அடுத்த இறக்கை கட்டும்போது 120 கிராம் அட்டையில கட்டுங்க, 4.5 மி.மீ. கட்டையை ஒட்டற அன்னைக்கே பின்விளிம்புக்கு அடியில வெச்சுடுங்க.