யூதர் சாப்பிடுற மீன்: சுறா ஏன் ஆகாது?

நல்லூர் விடுதிக்காரி:
வாற கிழமை ஒரு யூதக் குடும்பம் எங்கட விடுதியில தங்க வருகினம். மீன் சமைக்கலாமாம், ஆனா செட்டையும் செதிலும் இருக்கோணுமாம். ஒடியல் கூழ் காய்ச்சிக் குடுக்க ஆசையா இருந்தனான். நண்டு, றால், கணவாய் மூண்டுமே கூடாதெண்டதால அதை விட்டிட்டன். ஆனா சுறா? அதுக்குச் செட்டை இருக்கு, தோலும் சொரசொரப்பு. பிள்ளைப்பெத்தவைக்கு அம்மா செய்யிற சுறா வறையை அவைக்கு ஒருக்காக் குடுக்கோணும் எண்டு மனசு கிடந்து அடிக்குது.

பாசையூரான்:
அக்கா, சுறாவைத் தலையில இருந்து வாலுக்குத் தடவினா வழுக்கும். திருப்பித் தடவினா அரம் மாதிரிக் கையைக் கீறும். அது தோலோட ஊறின முள்ளு, சுரண்டினாக் கழராது. விளமீனைச் சுரண்டிப் பாருங்கோ, செதில் தெறிச்சு மூஞ்சையில ஒட்டும், தோலுக்கு ஒண்டும் ஆகாது. எங்கட வேதாகமத்திலயும் லேவியராகமம் 11இல 'சிறகும் செதிளும்' எண்டுதான் கிடக்கு.

லண்டன் சமையல்காரன்:
தம்பி சொன்னதுதான் சட்டமும். தோல் கிழியாமல் கழருற செதிலைத்தான் அவை செதில் எண்டு எடுப்பினம். அதால சுறா, திருக்கை, கெளிறு, விலாங்கு ஒண்டும் வேண்டாம். நான் இஞ்ச யூதர்ர சமையலறை ஒண்டில வேலை செய்தனான். மேற்பார்வைக்கு நிக்கிறவர் ஒவ்வொரு மீனையும் நகத்தால சுரண்டிப் பாத்துத்தான் உள்ள விடுவார்.

செட்டையைத் தேடி மினக்கெடாதேங்கோ. செதில் உள்ளதுக்கெல்லாம் செட்டை இருக்கும், செட்டை உள்ளதுக்கெல்லாம் செதில் இராது எண்டு அவையின்ர பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலயே இருக்கு. சூரைக்கு உடம்பு முழுக்கச் செதில் இல்லை, செவுளுக்குப் பின்னால பட்டி மாதிரிக் கொஞ்சம்தான். அதுவே காணும். அறக்குளா, சீலா, திரளி, சூடை எல்லாம் சரி.

தோலுரிச்ச துண்டு வாங்கவேண்டாம், என்ன மீனெண்டு அவைக்குத் தெரியாது. றால் வெட்டின கத்தி, பலகை, சட்டி எதுவும் படக்கூடாது. இறைச்சியோட சேர்த்தும் வைக்காதேங்கோ. சட்டியைப் பற்றி அவையிட்டயே முதல் கேளுங்கோ, சிலர் சொந்தப் பாத்திரம் கொண்டு வருவினம்.

நல்லூர் விடுதிக்காரி:
பெரிய உதவி அண்ணை. அப்ப புதுக் கத்தியும் புதுச் சட்டியும் வாங்கி, விளமீனில தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைக்கிறன். தம்பி, சந்தைக்கு எத்தினை மணிக்கு வர?

பாசையூரான்:
விடிய ஆறுக்கு வாங்கோ அக்கா. வெட்டுறவரிட்டக் குடுக்காமல் முழுசாக் கொண்டுபோங்கோ, அவர்ர கத்தி காலமை முழுக்கத் திருக்கையிலதான் நிக்கும்.