சருகோந்தியா, பச்சோந்தியா?

அன்பு நண்பர்களுக்கு,
வெள்ளிக்கிழமைக்குள் பள்ளிக் கண்காட்சிப் பலகைகளை முடித்துக் கிண்டிக்கு எடுத்துப் போகவேண்டும். ஒன்றில் மட்டும் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். மடகாஸ்கரில் மட்டுமே வாழும் புரூக்கேசியா என்ற பச்சோந்திப் பேரினத்துக்குத் தமிழில் என்ன பெயர்? 2012இல் நோசி ஹாரா தீவிலிருந்து விவரித்த மைக்ரா இனம் வாலோடு சேர்த்தும் 3 செ.மீ. வராது. 2021இல் அறிவித்த நானா இனத்தின் ஆண் 21.6 மி.மீ.தான். பகலில் உதிர்ந்த இலைகளுக்கிடையே ஊர்ந்து திரியும், இருட்டியதும் தாழ்ந்த செடியில் ஏறித் தூங்கும். வால் குட்டை. நிறம் பெரும்பாலும் பழுப்பு, மற்ற பச்சோந்திகள் போல அதிகம் மாறுவதும் இல்லை. இதைப் போய்ப் 'பச்சை' என்று எழுதக் கை வரவில்லை. சருகுமான் என்கிறோமே, 'சருகோந்தி' சரியா?

அக்கா, புணர்ச்சியில் குறையில்லை. சருகு + ஓந்தி, உகரம் கெட்டுச் சருகோந்தி. ஆனால் சங்க வடிவம் ஓதி. குறுந்தொகை 140இல் கருக்கரிவாள் போன்ற முதுகோடு வழியோரம் நிற்கிறதே, அதேதான். 'சருகோதி' என்றே வைப்போம்.

ஐயா, ஓதிக்குக் கூந்தல் என்ற பொருளும் உண்டே, பலகை முன்னால் நிற்கும் பிள்ளைக்கு இது எதற்கு? இராயபுரத்தில் என் வகுப்பில் ஓந்தி என்றால் ஓணான்தான். தனித்தனியே சுழலும் கண், வீசிப் பிடிக்கும் நாக்கு, இடுக்கி போன்ற விரல் எல்லாம் பச்சோந்தி என்ற சொல்லோடுதான் வருகின்றன. 'குட்டிப் பச்சோந்தி' போதும்.

குட்டி வேண்டாம், வளர்ந்த விலங்கைக் குஞ்சு என்று நினைப்பார்கள். கமேலியன் என்பதற்குக் கிரேக்கத்தில் தரைச் சிங்கம் என்று பொருள், மரத்திலேயே வாழ்பவற்றுக்கும் அதுதான் பெயர். ஆகவே பச்சை இருந்துவிட்டுப் போகட்டும். 'சருகுப் பச்சோந்தி' என்பது என் கட்சி.

சரி, மூன்று பேர் சருகுப் பச்சோந்தி பக்கம். அதையே எழுதிவிட்டேன், அருகில் 21.6 மி.மீ. நீளத்துக்கு ஒரு கோடும் போட்டேன், என் சுண்டுவிரலின் கடைசிக் கணுவைத் தாண்டவில்லை. ஆனாலும் பச்சை உறுத்திக்கொண்டேதான் இருக்கிறது.

அக்கா, ஓதியை நான் விடுவதாக இல்லை. அடுத்த பலகைக்குப் பேசுவோம்.